அழைப்பு மணி அடித்தால் நிறுத்த முடிகிற கேம் வேண்டும்

வீடியோ கேம் உருவாக்கும் நிறுவனங்களுக்கும், அங்கே வடிவமைப்பிலும் நிரலாக்கத்திலும் சோதனையிலும் முடிவெடுக்கிற ஒவ்வொருவருக்கும்,

வணக்கம்.

வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளை வளர்ப்பவர்கள், வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்கள், இத்தனைக்கும் நடுவில் கேமை விடாதவர்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. எங்களில் நிரல் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் கீழே கேட்டிருப்பவை எல்லாம் செய்யக்கூடியவை என்று தெரிந்தே கேட்கிறோம்.

கேட்பது ஒன்றுதான். எந்த நொடியிலும் கீழே வைக்க முடிகிற, பல நாள் கழித்து எடுத்தாலும் விட்ட இடத்தில் தொடர முடிகிற கேமைச் செய்யுங்கள். சுலபமாக்கித் தரச் சொல்லவில்லை. ஒரே எதிரியிடம் நாற்பது முறை தோற்று நாற்பத்தோராவது முறை ஜெயிக்கிற கேம் எங்களுக்கும் பிடிக்கும். அந்த நாற்பது முறையும் ஒரே இரவில் நடந்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள் என்கிறோம்.

பொறுப்புகளையும் விளையாட்டையும் சேர்த்து நடத்துவது பற்றிப் பேச்சு வந்தாலே அறிவுரை எல்லாம் ஆடுகிறவருக்குத்தான் வருகிறது. நேரம் ஒதுக்கு, அலாரம் வை, குறைத்துக்கொள். சரி, வைக்கிறோம். இரவு 10.45-க்கு அலாரம் அடிக்கும்போது கடைசியாக சேவ் ஆன இடம் 35 நிமிடம் பின்னால் இருந்தால் அந்த அலாரத்தால் என்ன பயன்? அணைத்துவிட்டுப் படுத்தால் 35 நிமிட ஆட்டம் போகும். உட்கார்ந்திருந்தால் தூக்கம் போகும், காலையில் பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றிவிட ஓட வேண்டியிருக்கும். இந்த இக்கட்டில் ஆடுகிறவரின் ஒழுக்கத்துக்கு வேலையே இல்லை. சேவ் இடம் எங்கே இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தவர் நீங்கள்.

எங்கள் நேரம் எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறோம். வார நாளில் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, பிள்ளை தூங்கிய பிறகு கிடைப்பது 40 நிமிடத்திலிருந்து 70 நிமிடம். அதுவும் முழுசாகக் கிடைக்காது. தூங்கிய குழந்தை எழுந்துகொள்ளும். அப்பாவுக்கு மாத்திரை கொடுக்க வேண்டியிருக்கும். அமெரிக்க நேரத்தில் வேலை பார்க்கும் குழுவிலிருந்து அழைப்பு வரும். ஞாயிற்றுக்கிழமை பகலில் உட்கார்ந்தால் கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் வாசலில் நின்று ஓடிபி கேட்பார். எந்தத் தடங்கல் எப்போது வரும் என்று தெரியாது, ஆனால் வரும். இதை ஒரு வன்பொருள் வரம்பு போல, ரேம் அளவைப் போல, கணக்கில் எடுத்துக்கொண்டு வடிவமையுங்கள்.

முதலில் நிறுத்தி வைக்கும் பட்டன்.

2022-ல் வந்த எல்டன் ரிங்கில் இணைப்பைத் துண்டித்துத் தனியாக ஆடினாலும் மெனுவைத் திறந்தால் உலகம் நிற்காது. மெனுவுக்குள் உதவிப் பட்டனை அழுத்தி, மெனு விளக்கப் பக்கத்தைத் திறந்தால் மட்டும் எல்லாம் அப்படியே உறைகிறது என்பதை ஆடுகிறவர்களே கண்டுபிடித்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அப்படியானால் நிறுத்தும் வசதி உள்ளே இருந்திருக்கிறது, கைக்கு எட்டுகிற இடத்தில் வைக்கவில்லை, அவ்வளவுதான். எல்டன் ரிங்கைச் செய்த அதே ஃப்ரம்சாஃப்ட்வேர் உருவாக்கி 2019-ல் வந்த செகிரோவில் சாதாரணமாக நிறுத்தலாம். அதனால் செகிரோவை யாரும் சுலபமான கேம் என்று சொன்னதில்லை. கேப்காமின் மான்ஸ்டர் ஹண்டர் வேர்ல்டில் ஒரு வேட்டைக்கு 50 நிமிடம் வரை கெடு. தனியாக ஆடினாலும் நடுவில் நிறுத்த வழியில்லை. அதே வரிசையில் 2021-ல் வந்த மான்ஸ்டர் ஹண்டர் ரைஸில் தனி ஆட்டத்துக்கு அந்த வசதியைக் கொடுத்துவிட்டார்கள், வேட்டையின் சுவை குறையவில்லை. டையாப்லோ 4 தனியாக ஆடினாலும் சர்வரில்தான் ஓடுகிறது, ஆகவே நிற்காது. அங்கே எங்கள் கோரிக்கை வேறு: சுற்றிலும் வேறு ஆடுகிறவர் இல்லாத குகைக்குள்ளாவது எதிரிகளை உறைய வையுங்கள்.

நிறுத்துவதை எழுதும்போது எங்கே தவறுகிறது என்பதையும் பார்த்துவிடலாம். யூனிட்டி என்ற கேம் எஞ்சினில், கேம் நேரத்தின் வேகமான டைம்ஸ்கேலை 0 ஆக்கினால் இயற்பியல் கணக்கு நின்றுவிடும், அதற்கான ஃபிக்ஸ்டு அப்டேட் அழைக்கப்படாது. ஆனால் ஒவ்வொரு ஃபிரேமிலும் (திரைப் படத்திலும்) அழைக்கப்படும் அப்டேட் ஓடிக்கொண்டே இருக்கும். நிஜக் கடிகாரத்தைப் பார்த்து எழுதிய கவுண்ட்டவுன் ஓடும். நிஜ நேரப்படி காத்திருக்கச் சொல்லி எழுதிய கோரூட்டீன் (இடையிடையே நின்று தொடரும் நிரல்) ஓடும். ஒலியும் தானாக நிற்காது, ஒலியைக் கேட்கும் பகுதியான ஆடியோ லிசனரைத் தனியாக நிறுத்த வேண்டும். மறுபுறம், மெனு அனிமேஷனை அன்ஸ்கேல்டு டைமுக்கு, அதாவது டைம்ஸ்கேல் தொடாத நேரத்துக்கு, மாற்ற மறந்தால் மெனுவும் சேர்ந்து உறைந்துவிடும். கடைசி மாதத்தில் இதைச் சேர்க்க முயன்று, நூறு இடத்தில் உடைந்து, வேண்டாம் என்று கைவிட்ட குழுக்கள் உண்டு. முதல் வாரத்திலேயே கேம் நேரம், நிஜ நேரம் என்று இரண்டு கடிகாரம் வைத்து, ஒவ்வொரு டைமரும் எந்தக் கடிகாரத்தைச் சேர்ந்தது என்று எழுதிவிட்டால் இந்தச் சிக்கல் வராது.

காட்சிகளின் நடுவே நிறுத்துவதில்தான் எரிச்சல் அதிகம். பத்து நிமிடக் கதைக்காட்சி ஓடும்போது குழந்தை அழுகிறது. நிறுத்தலாம் என்று பட்டனை அழுத்தினால் காட்சி முழுக்கத் தாண்டிப் போய்விடுகிறது. அதைத் திரும்பப் பார்க்க இரண்டு மணி நேரம் பின்னால் இருக்கிற சேவுக்குப் போக வேண்டும். முதல் அழுத்தத்தில் காட்சி நிற்கட்டும். தொடர்வதா, தாண்டுவதா என்று அதன் பிறகு கேளுங்கள். வேலை ஒரு நாள்கூட ஆகாது.

கன்ட்ரோலரின் சார்ஜ் தீர்ந்து தொடர்பு அறுந்தால், ஹெட்செட் கழன்றால், வேறு ஜன்னலுக்கு மாறினால், தனி ஆட்டம் தானாகவே நிற்க வேண்டும். திரும்பித் தொடரும்போது வேகமான கேம்களில் 3, 2, 1 என்று எண்ணிவிட்டு ஆரம்பியுங்கள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து கன்ட்ரோலரைப் பிடிப்பதற்குள் உயிர் போய்விடக் கூடாது.

போனில் இது இன்னும் முக்கியம். அழைப்பு வந்தவுடன் கேம் பின்னணிக்குப் போகிறது. பேசி முடிப்பதற்குள் நினைவகம் போதாமல் ஆண்ட்ராய்டு அதைக் கொன்றுவிடலாம். அப்போது வெளியேறும் நிகழ்வு அழைக்கப்படும் என்று நம்பியிருக்கக் கூடாது. பின்னணிக்குப் போகும் நொடியிலேயே, யூனிட்டியில் என்றால் ஆன்அப்ளிகேஷன்பாஸ் என்ற அறிவிப்பு வரும்போதே, நிலையை எழுதிவிட வேண்டும். யூனிட்டியின் சின்னச் சேமிப்பிடமான பிளேயர்பிரெஃப்ஸில் போட்டுவைத்தவையும் வழக்கமாக வெளியேறும்போதுதான் வட்டுக்குப் போகும். நடுவில் கொல்லப்பட்டால் அவையும் போச்சு. நீங்களாகவே சேவ் சொல்லி எழுத வையுங்கள்.

சேவ் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது. வாழ்க்கையோடு ஒத்துப்போகிற கேம் எது, போகாத கேம் எது என்பதை இதுதான் தீர்மானிக்கிறது.

ரிடர்னல் நல்ல பாடம். ஃபின்லாந்தின் ஹவுஸ்மார்க் செய்தது, 2021 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் 5-க்கு வந்தது. செத்தால் முதலிலிருந்து தொடங்கும் வகை. ஒரு சுற்றே சில மணி நேரம் போகும், நடுவில் சேவ் கிடையாது. கன்சோலை உறக்கத்தில் போட்டுவைப்பதுதான் ஒரே வழி. வீட்டில் வேறு யாராவது அதில் வேறு கேமைத் திறந்தாலோ, கரண்ட் போனாலோ, எல்லாம் முடிந்தது. வெளியான நாளிலிருந்தே புகார்கள். 2021 அக்டோபரில் வந்த அப்டேட்டில் சுற்றை இடையில் நிறுத்திவைக்கும் வசதியைச் சேர்த்தார்கள். அந்தப் புள்ளியை ஒரு முறைதான் பயன்படுத்தலாம், தொடர்ந்தவுடன் அழிந்துவிடும். பெரிய எதிரியோடு மோதும்போது நிறுத்திவைக்க முடியாது. செத்தால் பழைய சேவுக்குத் திரும்பி ஏமாற்றலாம் என்ற கவலைக்கு இதிலேயே பதில் இருக்கிறது. கேமின் கண்டிப்பு அப்படியே இருந்தது, ஆடுகிறவர் படுக்கைக்குப் போக முடிந்தது. ஆறு மாதம் கழித்து வந்தது முதல் நாளே வந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

இப்படி ஒரு முறை மட்டும் பயன்படும் சேவ் கோப்பை எழுதுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. திறந்த உடனே கோப்பை அழிக்காதீர்கள். திறந்து இரண்டாவது நிமிடத்தில் கரண்ட் போனால் பழையதும் இருக்காது, புதியதும் இருக்காது. 'பயன்படுத்தியாயிற்று' என்று குறித்துவைத்து, அடுத்த சேவ் பத்திரமாக எழுதப்பட்ட பிறகு அழியுங்கள். நடுவில் கேம் முறையாக மூடப்படாமல் நின்றுபோயிருந்தால் அந்தக் குறிப்பை நீக்கித் திரும்பக் கொடுங்கள். இதை வைத்து ஒருவர் இருவர் ஏமாற்றக்கூடும். ஏமாற்றாத ஆயிரம் பேரின் மூன்று மணி நேரம் அதைவிடப் பெரியது.

கரண்ட் என்றதும் இன்னொன்று. மேசைக் கணினிக்கு யுபிஎஸ் இல்லாத வீடுகள் எங்கள் ஊர்களில் நிறைய. இன்வெர்ட்டர் இருந்தாலும் அது மாறுகிற கணத்தில் கணினி அணைந்து எரிவதுண்டு. இருக்கிற சேவ் கோப்பின் மேலேயே நேராக எழுதினால், பாதி எழுதும்போது கரண்ட் போனால் கோப்பு கெட்டுவிடும். அறுபது மணி நேர ஆட்டம் இப்படிப் போவது இன்றைக்கும் நடக்கிறது. தற்காலிகக் கோப்பில் முழுசாக எழுதி, வட்டுக்குப் போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்து, அதற்குப் பிறகு பழையதன் பெயரை இதற்குச் சூட்டுங்கள். முந்தைய இரண்டு பிரதிகளை விட்டுவையுங்கள். கோப்பின் கடைசியில் ஒரு செக்சம் (கோப்பு கெட்டதா என்று சரிபார்க்கும் எண்) போட்டு, திறக்கும்போது பொருந்தாவிட்டால் முந்தைய பிரதியைத் தானாக எடுங்கள். மொத்தம் நூறு வரி நிரல் வராது.

எத்தனை நிமிடத்துக்கு ஒரு சேவ் என்பதில் ஸ்டார்டியூ வேலி ஒரு அளவுகோல். அதில் படுத்துத் தூங்கினால்தான் சேவ் ஆகும். கண்டிப்பான விதிதான், ஆனாலும் யாரையும் வதைப்பதில்லை. ஏனென்றால் கேமில் ஒரு முழு நாள் நிஜத்தில் ஏறக்குறைய 14 நிமிடம். பத்து நிமிடக் கேம் நேரம் 7 நொடி, காலை 6 மணி முதல் நள்ளிரவு 2 மணி வரை. எழுந்து போக நேர்ந்தாலும் நஷ்டம் 14 நிமிடத்தைத் தாண்டாது. போன் பதிப்பில் அவசர சேவும் வைத்திருக்கிறார்கள். ஹேடஸ் ஒவ்வொரு அறை வாசலிலும் நிலையை வைத்துக்கொள்கிறது. ஸ்லே தி ஸ்பயரும் அப்படியே. உங்கள் கேமில் எந்த இடத்தில் பிளக்கைப் பிடுங்கினாலும் அதிகபட்சம் எத்தனை நிமிடம் போகும் என்று ஓர் எண்ணைக் குழுவாக உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். பத்து என்பது நியாயமான எண். ஐந்து என்றால் கையெடுத்துக் கும்பிடுவோம்.

கருவிகள் எங்களுக்கு உதவத்தான் செய்கின்றன. ஸ்விட்ச்சும் ஸ்டீம் டெக்கும் பட்டனை ஒரு தட்டுத் தட்டினால் தூங்கும், இன்னொரு தட்டில் எழும். எக்ஸ்பாக்ஸில் 2020 முதல், விட்ட இடத்தில் தொடர வைக்கும் குவிக் ரெஸ்யூம் இருக்கிறது. இவற்றைக் கெடுப்பது பெரும்பாலும் கேம்தான். ஒற்றையாள் கதைக்கு சர்வர் தொடர்பு கட்டாயம் என்று வைத்தால், தூங்கி எழுந்ததும் இணைப்பு அறுந்து முதல் திரைக்குத் தள்ளுகிறது. கணினிக் கடிகாரத்தின் இரண்டு வாசிப்பை நேராகக் கழித்து நேரத்தைக் கணக்கிட்டால், எட்டு மணி நேரத் தூக்கம் ஒரே ஃபிரேமில் பாய்ந்து எல்லா டைமரும் தீர்ந்துபோகிறது. எஞ்சின் தருகிற டெல்டா நேரத்துக்கு (ஒரு ஃபிரேமிலிருந்து அடுத்ததற்கு ஆகும் நேரம்) உச்சவரம்பு இருக்கிறது, யூனிட்டியில் இயல்பாகவே நொடியில் மூன்றில் ஒரு பங்கு. சொந்தமாகக் கணக்கிடுபவர்கள் அதே வரம்பைப் போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக் கணினியில் ஆடிவிட்டு ரயிலில் டெக்கில் தொடர்கிறவர்களுக்கு கிளவுட் சேவ் (இணையத்தில் சேமித்து வைக்கும் சேவ்) மோதல் தெரிந்த தொல்லை. மேலேற்றம் முடியும் முன் லேப்டாப் மூடியை மூடிவிட்டால் மறுநாள் 'எது வேண்டும்?' என்று இரண்டு தேதி காட்டிக் கேட்கும். தேதியை வைத்து எதுவும் தெரியாது. இடத்தின் பெயர், மொத்த ஆட்ட நேரம், லெவல் மூன்றையும் சேவின் தலைப்பில் எழுதிவைத்து, உங்கள் கேமுக்குள்ளேயே பழைய பிரதிகளைத் திறந்துபார்க்கும் வழி கொடுங்கள். தவறாகத் தேர்ந்தாலும் மீட்டுவிடலாம்.

பலர் சேர்ந்து ஆடும் ஆட்டங்களில் நிறுத்தச் சொல்லிக் கேட்க மாட்டோம். பத்துப் பேர் ஆட்டத்தில் மற்ற ஒன்பது பேரின் நேரம் எங்கள் கையில் இருக்கிறது. அதனால்தான் உள்ளே போகும் முன்பே எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிய வேண்டும். வாலரன்ட்டில் வழக்கமான ஆட்டம் 13 சுற்று ஜெயிக்கும் வரை, அரை மணிக்கு மேல் ஓடிவிடும். ஸ்விஃப்ட்பிளேயில் 5 சுற்று, கால் மணி நேரத்துக்கு அடங்கும். இந்தச் சின்ன வடிவம் வந்த பிறகு வார நாளிலும் ஆட முடிகிறது. டீப் ராக் கலாக்டிக்கில் பணியைத் தேர்வு செய்யும் பலகையிலேயே நீளம் எவ்வளவு, சிக்கல் எவ்வளவு என்று குறியீடு இருக்கிறது. இவ்வளவுதான் வேண்டும். வரிசையில் நிற்கும் பட்டனுக்குக் கீழே 'இது 25 முதல் 45 நிமிடம் ஆகலாம்' என்று எழுதுங்கள். உங்கள் சர்வரில் அந்தக் கணக்கு இருக்கிறது.

விட்டுப் போவதற்கான தண்டனை தேவை. டோட்டா 2-ல் ஐந்து நிமிடத்துக்கு மேல் தொடர்பற்றுப் போனால் கைவிட்டதாகக் கணக்கு. மற்றவர்களுக்கு அது நியாயம். ஆனால் மூன்று மாதத்தில் ஒரே ஒரு முறை விட்டுப் போனவரையும், தோற்கிறோம் என்று தெரிந்ததும் தினமும் ஓடுகிறவரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். நல்ல பதிவு உள்ளவருக்கு முதல் முறை எச்சரிக்கையோடு விடுங்கள், திரும்பத் திரும்பச் செய்தால் ஏற்றுங்கள்.

ஒரே அறையில் குழந்தை தூங்கும் வீட்டில் மைக்கில் பேச முடியாது என்பதும் உங்கள் நினைவில் இருக்கட்டும். 2019-ல் ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் கொண்டுவந்த பிங் முறையில், ஓர் இடத்தைக் குறிவைத்துப் பட்டனை அழுத்தினால் குழுவுக்குக் காட்டிவிடும், ஒரு வார்த்தை பேசாமல் எதிரி எங்கே, ஆயுதம் எங்கே, எந்தப் பக்கம் போகலாம் என்று எல்லாம் சொல்லிவிடலாம். அதேபோல எங்களில் பலர் ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டுகிறோம், மற்ற காது வீட்டுக்கு. ஸ்டீரியோவில் பாதி ஒலி அப்போது காணாமல் போகிறது. மோனோவாக மாற்றும் தேர்வும், காலடிச் சத்தத்தைத் திரையில் காட்டும் தேர்வும் கொடுங்கள். ஃபோர்ட்நைட்டில் சத்தத்தைக் குறியாகக் காட்டும் வசதி இருக்கிறது. எழுத்தின் அளவும் அப்படித்தான். நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வரும். கையடக்கக் கருவியில் சின்ன எழுத்தைப் படிக்கக் கண்ணாடி தேட வேண்டியிருக்கிறது.

அடுத்து, தினமும் வா என்று இழுக்கும் அமைப்புகள். இதில் கொஞ்சம் கடுமையாகவே பேசுகிறோம்.

கென்ஷின் இம்பாக்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ரெசின் என்ற சக்தி 8 நிமிடத்துக்கு ஒன்று வீதம் ஊறும். நீண்ட காலம் உச்சவரம்பு 160. முழுக்க நிறைய 21 மணி 20 நிமிடம். இரவு 10 மணிக்குச் செலவழித்தவருக்கு மறுநாள் மாலை 7.20-க்கே நிறைந்துவிடும். அவர் மறுபடி 10 மணிக்கு வரும்போது 20 ரெசின் வீணாகியிருக்கும். ஒழுங்காக, தினமும், ஒரே நேரத்தில் ஆடுகிறவருக்கே நஷ்டம்! 2024 ஜூனில் உச்சவரம்பை 200 ஆக்கினார்கள். இப்போது முழுக்க நிறைய 26 மணி 40 நிமிடம். ஒரு நாளைத் தாண்டிவிட்டது, அந்த நஷ்டம் நின்றது. ஓர் எண்ணை மாற்றியதில் எத்தனையோ பேரின் மாலை அவர்களுக்கே திரும்பக் கிடைத்தது. உங்கள் கேமில் இப்படி ஊறும் பொருள் எதுவானாலும் அது முழுக்க நிறைய ஆகும் நேரம் 26 மணிக்குக் குறையக் கூடாது. இரண்டு நாளைக்குத் தாங்கினால் இன்னும் நல்லது.

நாள் மாறும் நேரத்தையும் கவனியுங்கள். அந்த கேமின் ஆசிய சர்வரில் புது நாள் அங்கத்தைய நேரம் அதிகாலை 4 மணிக்குப் பிறக்கிறது. இந்திய நேரப்படி அது இரவு 1.30. படுக்கப் போகிறவரை 'இன்னும் கொஞ்சம் இருந்தால் நாளைய வேலையையும் முடித்துவிடலாம்' என்று இழுக்கிற நேரம் அது. நாள் மாறும் மணியை ஆடுகிறவர் இருக்கும் ஊரின் விடிகாலைக்கு மாற்றி வைக்க முடியும்.

தொடர் வருகைக்குப் பரிசு கொடுக்கிறீர்கள், ஒரு நாள் தவறினால் பூஜ்யத்திலிருந்து தொடங்கச் சொல்கிறீர்கள். காய்ச்சலில் படுத்தவரும் ஊர்த் திருவிழாவுக்குப் போனவரும் 27 நாள் உழைப்பை இழக்கிறார்கள். தொடர்ச்சியை எண்ணாமல் மொத்தத்தை எண்ணுங்கள். முப்பது நாளில் எந்த இருபது நாள் வந்தாலும் முழுப் பரிசு என்று வையுங்கள். ஆட ஆடப் பரிசுகளைத் திறந்து தரும் பேட்டில் பாஸ் காலாவதியாவதும் இதே கதைதான். காசு கொடுத்து வாங்கியதை மூன்று மாதத்துக்குள் ஆடி முடிக்காவிட்டால் பறிப்பது எந்த ஊர் நியாயம்? ஹேலோ இன்ஃபினிட்டில் வாங்கிய பாஸ் காலாவதியாவதில்லை. 2024-ல் வந்த ஹெல்டைவர்ஸ் 2-ன் வார்பாண்டுகளும் (அதன் பாஸுக்குப் பெயர் அது) காலாவதியாவதில்லை. டீப் ராக் கலாக்டிக்கில் பழைய சீசனையே தேர்ந்து ஆடலாம்.

ஃபைனல் ஃபேன்டசி 14-ல் வாங்கிய வீட்டுக்குள் 45 நாள் கால் வைக்காவிட்டால் இடித்துவிடுவார்கள். மனை குறைவு, காத்திருப்பவர் அதிகம் என்ற காரணம் புரிகிறது. ஆனால் பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறவர் மூன்று மாதம் கழித்துத்தான் திரும்புவார். வருடத்துக்கு ஒரு முறை, காரணம் கேட்காமல், 120 நாள் விடுப்பு கொடுங்கள். அதே கேமின் தயாரிப்பாளர் நவோகி யோஷிடா, எப்போதும் இதையே ஆடிக்கொண்டிருக்க வேண்டாம், வேறு கேம் ஆடிவிட்டு அடுத்த அப்டேட் வரும்போது வாருங்கள் என்று வெளிப்படையாகச் சொன்னவர். அந்த மனம் வீட்டு விதியிலும் இருக்கலாம்.

இழுத்துப் பிடிக்காவிட்டால் போய்விடுவார்கள் என்று உங்கள் புள்ளிவிவரப் பிரிவு சொல்லும். அவர்கள் பார்க்கும் எண்ணையே பார்ப்போம். முதல் நாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள் திரும்பி வந்தவர் எத்தனை சதவீதம் என்பதுதானே அளவு? ஒருவர் சனிக்கிழமை நிறுவுகிறார், ஒவ்வொரு சனிக்கிழமையும் தவறாமல் மூன்று மணி நேரம் ஆடுகிறார். முதல் நாள் ஞாயிறு, வரவில்லை. முப்பதாம் நாள் திங்கள், வரவில்லை. உங்கள் பட்டியலில் அவர் போய்விட்டவர். உண்மையில் அவர்தான் ஐந்து வருடம் உங்களோடு இருக்கப் போகிறவர். முப்பதுக்குப் பதில் 28-ஆம் நாளையும், வாரக் கணக்கையும் பாருங்கள். கில்ட் வார்ஸ் 2 வெளியானது 2012-ல். உச்ச லெவல் அன்றும் 80, இன்றும் 80. மாதச் சந்தா இல்லை. ஒரு வருடம் கழித்துப் போனாலும் பழைய கவசம் செல்லும். அதனாலேயே போகிறோம்.

திரும்பி வருவது என்றால் இன்னொரு கஷ்டமும் இருக்கிறது. தேர்வு மாதம், வருட முடிவுக் கணக்கு, தீபாவளி எல்லாம் முடிந்து ஆறு வாரம் கழித்து சேவ் கோப்பைத் திறந்தால் யாரைத் தேடிப் போய்க்கொண்டிருந்தோம், எந்தப் பட்டன் எதற்கு என்று எதுவும் நினைவில்லை. பத்து நிமிடம் தடுமாறிவிட்டு மூடிவிடுகிறோம். பாதியில் நிற்கும் கேம்களில் பெரும்பங்கு சலித்து விட்டவை அல்ல, இப்படி மறந்துபோனவை. 2004-ல் வந்த போகிமான் ஃபயர்ரெட், சேவ் கோப்பைத் திறந்ததும் கடைசியாகச் செய்த சில செயல்களைப் படமாக ஓட்டிக் காட்டியது. விட்சர் 3 லோடிங் நேரத்தில் இதுவரையான கதையைச் சொல்லும். டிராகன் குவெஸ்ட் 11-லும் கதைச் சுருக்கம் வரும். ஃபைனல் ஃபேன்டசி 16-ல் காட்சியை நிறுத்தி, பேசிக்கொண்டிருப்பவர் யார், எந்த நாடு என்று பார்க்கலாம். கடைசியாக ஆடி 14 நாளுக்கு மேல் ஆகியிருந்தால் மூன்று வரியில் கதையும், ஒரு படத்தில் பட்டன்களும், ஆபத்தில்லாத இடத்தில் இரண்டு நிமிடம் கைபழகவும் வழி கொடுங்கள். பெரிய எதிரியோடு நடக்கும் சண்டையின் வாசலில் சேவ் செய்துவிட்டுப் போனவருக்கு இது உயிர் காக்கும்.

பதிவிறக்க அளவு. பால்டர்ஸ் கேட் 3 கேட்பது 150 ஜிபி. 40 எம்பிபிஎஸ் இணைப்பில் தடையே இல்லாமல் இறங்கினாலும் எட்டு மணி நேரத்துக்கு மேல். அதை இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாம். கிடைத்த ஒரு மணி நேரத்தில் கேமைத் திறந்ததும் '30 ஜிபி அப்டேட், முடியும் வரை ஆட முடியாது' என்று வருவதுதான் தாங்க முடியாதது. ஒற்றையாள் கதையைப் பழைய பதிப்பிலேயே ஆட விடுங்கள். தினம் 1.5 ஜிபி டேட்டாவில் போனில் ஆடுகிறவருக்கு ஒரு அப்டேட் ஒரு நாளைக் காலி செய்கிறது. கூடுதல் மொழிக் குரல்களையும் உயர்தரப் படங்களையும் தனிப் பொதியாக்குங்கள்.

நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெண்பா என்ற கேம் 2023-ல் வந்தது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம், இட்லியும் புட்டும் பிரியாணியும் செய்தபடி நகரும் கதை. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மறுவருடம் அறிமுக கேமுக்கான பாஃப்டா என்ற பிரிட்டிஷ் விருது அதற்குக் கிடைத்தது. ஒரே இரவில் தொடங்கி முடித்து, மனம் நிறைந்து தூங்கப் போக முடிந்த கேம் அது. நூறு மணி நேரம் என்று பெட்டியில் போட்டால்தான் விற்கும் என்பதை மறுபடி யோசித்துப் பாருங்கள்.

எங்களுக்கும் கடமை உண்டு, மறுக்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் 2022 முதல் நடைமுறையில் உள்ள கேமிங் கோளாறு வேறு விஷயம். கட்டுப்பாடு கைவிட்டுப் போய், மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளி, கெடுதல் தெரிந்தும் பெரும்பாலும் பன்னிரண்டு மாதம் தொடர்வதைத்தான் அது குறிக்கிறது. அப்படி இருப்பவருக்கு மருத்துவர் வேண்டும். நாங்கள் பேசுவது, கட்டுப்பாடு இருந்தும் அதைப் பயன்படுத்த கேம் இடம் தராத நிலையைப் பற்றி.

உங்கள் சோதனைப் பிரிவுக்கு ஒரு முறையை முன்வைக்கிறோம். அழைப்பு மணிச் சோதனை என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். ஒருவர் ஒரு மணி நேரம் ஆடட்டும். இன்னொருவர் அவருக்குச் சொல்லாமல் பத்து முறை மணி அடிக்கட்டும். சண்டை நடுவில், காட்சி நடுவில், கடையில் பொருள் வாங்கும்போது, லோடிங் திரையில். அடித்த ஐந்து நொடிக்குள் ஆடுகிறவர் எழுந்துவிட வேண்டும். ஐந்து முறை பத்து நிமிடம் கழித்துத் திரும்பட்டும். மூன்று முறை கருவியை உறக்கத்தில் போட்டு மறுநாள் எடுக்கட்டும். இரண்டு முறை பிளக்கையே பிடுங்கட்டும். ஒவ்வொரு முறையும் எத்தனை நிமிட ஆட்டம் போனது, உயிர் போனதா, சேவ் திறந்ததா என்று எழுதுங்கள். பிளக் பிடுங்கியதில் பத்து நிமிடத்துக்கு மேல் போயிருந்தாலும், மற்ற எட்டில் ஒன்றிலாவது எதையாவது இழந்திருந்தாலும், அதை வெளியீட்டைத் தடுக்கும் பிழையாகப் பதிவு செய்யுங்கள். இரண்டு பேரின் சில நாள் வேலை.

அந்த முடிவைக் கடைப் பக்கத்திலும் போடுங்கள். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாமா, சேவுக்குச் சேவ் அதிகபட்சம் எத்தனை நிமிடம், ஓர் ஆட்டம் எவ்வளவு நேரம், தொடர்பு கட்டாயமா. ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். எங்களுக்கோ வாங்கி 14 நாள் வரை திறக்கவே நேரம் கிடைக்காது. வாங்கும் முன்பே தெரிந்தால்தான் உண்டு.

எல்லாவற்றையும் ஒரே அப்டேட்டில் செய்ய முடியாது என்று தெரியும். சேவ் கோப்பைத் தற்காலிகப் பெயரில் எழுதுவதையும், காட்சியில் முதல் அழுத்தத்துக்கு நிற்பதையும் மட்டும் வருகிற அப்டேட்டிலேயே சேருங்கள். மற்றதற்குக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
இரவு பத்து மணிக்கு மேல் ஆடுகிறவர்கள்